லிங்கன் தேடிய முன்னோர்



ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். 1809-ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர், அடிமை முறைக்கு முடிவுகட்டப் பாடுபட்டவர், 1865 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆனால் தம் குடும்பம் எங்கே தொடங்கியது, கடல் கடந்து முதலில் வந்தவர் யார் என்று உறுதியாகத் தெரியாமலே அவர் கண்மூடினார் என்பது பலரும் அறியாத செய்தி. தெரிந்துகொள்ள அவர் முயலாமலும் இல்லை.

1848 மார்ச் மாதம். லிங்கன் அப்போது வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்காம் ஊர் வரலாற்றை எழுதியவரான சாலமோன் லிங்கன் என்பவர், உங்கள் குடும்பம் எது என்று கேட்டு அவருக்கு எழுதினார். பதிலில் லிங்கனால் சொல்ல முடிந்தது கொஞ்சமே. தாத்தாவின் பெயரும் ஆபிரகாம். வர்ஜீனியாவின் ராக்கிங்காம் பகுதியிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர். அதற்கும் முன்பு குடும்பம் பென்சில்வேனியாவில் இருந்ததாகவும், குவேக்கர் சபையைச் சேர்ந்திருந்ததாகவும் கேள்வி. அதே மாதம் வர்ஜீனியாவில் வாழ்ந்த டேவிட் லிங்கன் என்பவருக்கும் எழுதினார். டேவிட்டின் பெரியப்பாவும் தம் தாத்தாவும் ஒருவரே என்பது அந்தக் கடிதப் போக்குவரத்தில் தெளிவாயிற்று. ஆனால் ஹிங்காம் குடும்பத்தோடு தமக்கு உறவு உண்டா என்பதற்குப் பெயர்களைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை. மொர்தக்காய், சாலமோன், லேவி, ஏனோக்கு, ஆபிரகாம் என்று இரு பக்கமும் அதே விவிலியப் பெயர்கள்! 1859-இல் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோதும் அதற்குமேல் அவர் உரிமை கொண்டாடவில்லை. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போகிறவர், ஒரு பெரிய குடும்பத்தோடு தம்மை ஒட்டவைத்துக்கொள்ள நினைத்திருந்தால் அது எளிதாயிருந்திருக்கும்.

பிற்கால ஆய்வாளர்கள் அந்த இழையைப் பிடித்துக் கடைசிவரை சென்றார்கள். 1637-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் லிங்கன், நெசவுத் தொழில் பழகிவந்த பதினைந்து வயதுச் சிறுவன். அவன் குடியேறிய ஊர் ஹிங்காம்தான். சாமுவேலின் மகன் மொர்தக்காய், கொல்லர். அவருடைய மகனும் மொர்தக்காய். நியூ ஜெர்சி வழியாகப் பென்சில்வேனியா போய் 1733-இல் ஒரு கல்வீடு கட்டினார். அவர் மகன் ஜான் 1768-இல் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஜானின் மகன்தான் தாத்தா ஆபிரகாம். ஒவ்வொரு தலைமுறையும் புது நிலம் தேடி நகர்ந்ததால், பதிவுகளும் ஊர் ஊராகச் சிதறிப்போயின. கென்டக்கியில் தாத்தா நிலம் பதிந்தபோது எழுத்தர் அவர் பெயரை லிங்க்ஹார்ன் என்று எழுதிவிட்டார். இப்படிப்பட்ட பதிவை யார்தான் எளிதில் கண்டுபிடிக்க முடியும்?

அந்த நிலத்தில்தான் 1786-இல் தாத்தா கொல்லப்பட்டார். காடு திருத்திக்கொண்டிருந்தவரைப் பூர்வகுடி வீரர்கள் சுட்டார்கள். அது தங்கள் மண் என்பது அவர்கள் பக்க நியாயம். உடலருகே நின்ற சிறுவன் தாமஸைத் தூக்கிச் செல்ல வந்த வீரரை மூத்த மகன் மொர்தக்காய் வீட்டிலிருந்து சுட்டு வீழ்த்தினார். அன்றைய சட்டப்படி தந்தையின் நிலம் மூத்தவருக்கே சென்றது. தாமஸ் சிறு வயதிலேயே கூலி வேலைக்கு அலைந்தார். எழுத்தறிவு தம் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதும் அளவில் நின்றுவிட்டது. இந்தத் தாமஸ்தான் லிங்கனின் தந்தை.

நமக்கு ஆர்வம் தரும் கிளைச்செய்தி ஒன்று உண்டு. பெரியப்பா மொர்தக்காய் மணந்த மேரி மட் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இல்லினாய் மாநிலத்தின் ஹான்காக் மாவட்டத்தில் கத்தோலிக்கராக வாழ்ந்து, கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்கள். சிறுவன் ஆபிரகாமுக்கு முதன்முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் சகரியா ரைனியும் கத்தோலிக்கரே.

தாய்வழிதான் லிங்கனுக்கு வேதனை தந்த பக்கம். அவருடைய ஒன்பதாம் வயதில், 1818-இல், தாய் நான்சி ஹாங்க்ஸ் இறந்தார். அந்தத் தாய் முறைப்படி மணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவர் என்று லிங்கன் தம்மிடம் சொன்னதாக அவருடைய வழக்கறிஞர்த் தொழில் கூட்டாளி ஹெர்ண்டன் எழுதியிருக்கிறார். தம் பெற்றோரின் திருமணமே பொய் என்றுகூட ஊர் பேசியது. குடும்பம் வாழ்ந்தது ஹார்டின் மாவட்டத்தில். திருமணம் 1806 ஜூன் 12 அன்று நடந்ததோ வாஷிங்டன் மாவட்டத்தில். அதன் பதிவு 1878-இல்தான் அங்கே கண்டெடுக்கப்பட்டது. மகன் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. மத்தேயு எழுதிய இயேசுவின் மூதாதையர் பட்டியலில் தாமார், இராகாபு, உரியாவின் மனைவி ஆகியோர் மறைக்கப்படாமல் நிற்பது அப்போது ஊர் பேசியவர்களுக்கு நினைவு வரவில்லை போலும்.

இத்தனை முன்னோரைத் தேடியவருக்கு மிக அருகில் இருந்த முன்னோர்தான் எட்டாதவராக இருந்தார். தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. 21 வயது வரை மகனின் கூலி தந்தைக்கே சேர்ந்தது; மகன் புத்தகத்தோடு உட்கார்வதைத் தந்தையால் புரிந்துகொள்ள முடியவில்லை. 1851 ஜனவரியில் தாமஸ் மரணப்படுக்கையில் கிடந்தபோது கடிதங்கள் வந்தன. லிங்கன் போகவில்லை. மனைவி பிரசவத்துக்குப்பின் படுக்கையில் இருந்தார் என்பது ஒரு காரணம். சந்திப்பு இருவருக்கும் நோவாகவே முடியும் என்று அஞ்சியது மற்றொன்று. அடக்கத்துக்கும் அவர் செல்லவில்லை.

ஆனால் அதன்பின் குடும்ப விவிலியத்தின் பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களைத் தம் கைப்பட எழுதிவைத்தவர் அவரே. 1853-இல் பிறந்த கடைசி மகனுக்குத் தாமஸ் என்று பெயரிட்டார். 1861 ஜனவரி இறுதியில், பதவியேற்க வாஷிங்டன் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், தம்மை அன்போடு வளர்த்த சிற்றன்னை சாராவைப் பார்க்கக் கோல்ஸ் மாவட்டத்துக்குப் போனார். அந்தப் பயணத்தில்தான் தந்தையின் கல்லறைக்கும் சென்று நின்றார்.