கடிகாரக்காரர் மகன் தொடங்கிய இயக்கம்

எகிப்து நாட்டில், நைல் நதியின் கழிமுகப் பகுதியிலுள்ள மஹ்மூதியா என்ற சிற்றூரில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹசன் அல் பன்னா. தகப்பனார் கடிகாரம் பழுது பார்ப்பவர். மார்க்கக் கல்வியில் தேர்ந்தவர். கெய்ரோவில் படித்து முடித்த ஹசனுக்கு 1927-இல் இஸ்மாயிலியா நகரில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது.

இஸ்மாயிலியா சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள ஊர். கால்வாயை அப்போது அந்நியக் கம்பெனி ஒன்று நடத்தி வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். எகிப்தியத் தொழிலாளிகளுக்கு நெருக்கடியான குடியிருப்புகள். பக்கத்திலேயே பிரிட்டிஷ் ராணுவ முகாம். சொந்த மண்ணிலேயே கூலிக்காரனாகக் கைகட்டி நிற்கும் நிலை இளம் ஆசிரியரின் மனத்தை உறுத்தியது. பள்ளி விட்டதும் காப்பிக் கடைகளுக்குச் சென்று, அங்கே கூடியிருந்தவர்களிடம் மார்க்கம் பேசினார். 1928-இல் தொழிலாளிகள் ஆறு பேர் அவரைத் தேடி வந்தனர். அவர்களோடு தொடங்கியதுதான் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்.

1932-இல் அவர் கெய்ரோவுக்கு மாற்றலாகிப் போனார். இயக்கமும் உடன் சென்றது. பள்ளிவாசல், பாடசாலை, மருத்துவ நிலையம், தொழிற்கூடம் என்று அரசாங்கம் எட்டிப் பார்க்காத இடங்களில் அது வேரூன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் உறுப்பினர்கள் பல லட்சம் ஆயினர்.

இவ்வளவு ஆள் பலம் இருந்தும் ஆட்சி எட்டவில்லை. 1942 தேர்தலில் நிற்க முன்வந்த ஹசன், பிரதமர் நஹாஸ் பாஷா கேட்டுக்கொண்டதால் விலகினார். பதிலுக்கு, மது விற்பனைக்கும் விபசாரத்துக்கும் கட்டுப்பாடு விதிக்க அரசு இணங்கியது. 1945-இல் இஸ்மாயிலியாவிலேயே போட்டியிட்டுத் தோற்றார்.

இதற்கிடையே, இயக்கத்துக்குள் ரகசிய ஆயுதப் பிரிவு ஒன்று வளர்ந்துவிட்டது. அதுவே வினையாயிற்று. 1948 டிசம்பர் 8-ஆம் தேதி பிரதமர் நுக்ராஷி இயக்கத்தைக் கலைத்தார். இருபதே நாளில், இயக்கத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். ஹசன் அந்தக் கொலையைக் கண்டித்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1949 பிப்ரவரி 12-இல் கெய்ரோ வீதியில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 42. பழிக்குப் பழியாக அரசுத் தரப்பே செய்தது என்று பரவலாகக் கருதப்பட்டது.

1954-இல் நாசர் மீது நடந்த கொலை முயற்சிக்குப் பின் இயக்கத்தார் ஆயிரக்கணக்கில் சிறை சென்றனர். ஆயினும் இயக்கம் அழியவில்லை. 2012-இல் அதன் வேட்பாளர் மோர்சி மக்கள் வாக்கில் ஜனாதிபதி ஆனார். ஒரே ஆண்டில் ஜனங்கள் பெருந்திரளாக அவருக்கு எதிராக வீதிக்கு வந்தனர். 2013 ஜூலையில் ராணுவம் அவரை இறக்கியது. மீண்டும் தடை, மீண்டும் சிறை.

ஏழையின் வீட்டு வாசலுக்குப் போனதால் வளர்ந்த இயக்கம் இது. சிறையும் தூக்குமேடையும் அதை வேரோடு பிடுங்கவில்லை. அதே சமயம், தன்னோடு ஒத்துப்போகாதவர்களையும் அரவணைத்து ஆளும் வழியை அது கண்டதுமில்லை. கடிகாரக்காரர் மகன் விட்டுச் சென்ற பெரிய குறை அதுதான்.