படகுக்கு மோட்டார் பூட்டிய மெக்கானிக்

மண்டகப்பட்டு, செஞ்சி பக்கம் மலையும் வயலும்தான். அதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கே, மரக்காணம் பக்கம் கடல். அங்கே மீன்பிடி படகுகளின் பின்னால் மோட்டார் உறுமுகிறது. இந்த வகை மோட்டாரை உலகெங்கும் பரப்பியவர் ஓலே எவின்ரூட்.

இவர் 1877-ம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தார். 5 வயதில் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். தந்தைக்கு விவசாயம். மகனுக்கோ யந்திரங்கள் மீதே ஆசை. 16 வயதில் பட்டறை வேலைக்குப் போனார்.

உருகிய ஐஸ்கிரீம்

ஒரு கோடை நாளில் ஏரிக்கரையில் காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார். எவின்ரூட் துடுப்புப் போட்டு அக்கரை சென்று வாங்கி வந்தார். அதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. படகுக்கு மோட்டார் வைக்கும் எண்ணம் அன்றுதான் பிறந்தது என்பார்கள்.

1906-ல் இருவரும் மணந்தார்கள். வேறு சிலரும் அப்போது படகு மோட்டார் செய்துவந்தார்கள். ஆனால் 1909-ல் எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரே மக்களிடம் பரவியது. அதன் எடை 28 கிலோ. விளம்பரம் எழுதி, வியாபாரத்தைக் கவனித்தவர் பெஸ்.

சூடும் ஸ்டார்ட்டும்

ஓடும் என்ஜின் சூடாகும். ஏரித் தண்ணீரையே இழுத்து, என்ஜினைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டைத் தணித்தார். இன்றும் இதே முறைதான். பாசியோ மணலோ அடைத்தால் என்ஜின் கொதிக்கும். வெளியே பீச்சும் தண்ணீர் நின்றுபோனால், உடனே என்ஜினை நிறுத்தி அடைப்பை எடுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஸ்டார்ட் செய்வதே பெரும்பாடு. மேலே உள்ள சக்கரத்தின் குமிழைப் பிடித்துக் கையால் சுழற்ற வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் கையை எடுக்காவிட்டால் விரலில் அடி விழும்.

மனைவிக்காக

பெஸ்ஸின் உடல்நலம் கெட்டது. அவருக்காக எவின்ரூட் கம்பெனியையே விற்றார். 5 ஆண்டுகள் இத்தொழிலில் இறங்குவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. அலுமினியத்தில் புதிய மோட்டார் செய்தார். எடை 22 கிலோதான். சக்தியோ இரு மடங்கு. ஸ்டார்ட் செய்வதும் எளிது. பழைய கம்பெனி அதை ஏற்க மறுத்தது. 1921-ல் கணவனும் மனைவியும் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். அது வளர்ந்தது. 1929-ல் பழைய கம்பெனியும் அதனுடன் இணைந்தது. எவின்ரூட் தலைவரானார்.

1933-ல் பெஸ் இறந்தார். அடுத்த ஆண்டே எவின்ரூட்டும் கண்மூடினார். அவர் பெயரில் மோட்டார்கள் 2020 வரை தயாராயின.