தகரமும் சணலும்

சென்ற விடுமுறையில் 350 ரூபாய்க்கு ஒரு ரேடியோ கிட் வாங்கினேன். பூவத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு நாள் பற்றவைத்தும் அது பாடவில்லை. வயலிலிருந்து திரும்பிய அப்பா, அந்தக் காசுக்குப் பாடுகிற ரேடியோவே கிடைக்குமே தம்பி என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கூலிப் பணத்தை விளையாட்டில் கரைத்துவிட்டேனோ என்ற உறுத்தலோடுதான் விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸின் வரலாற்றைப் படித்தேன்.

வங்கத்தில் 1858 நவம்பர் 30-இல் பிறந்தவர் அவர். தந்தை அரசாங்க அதிகாரி. இருந்தும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே ஒரு மீனவரின் மகன் போஸின் பக்கத்தில் அமர்ந்து படித்தான். கடலோர ஊர்க்காரனான எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தது.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு என்பது அன்றைய வழக்கம். போஸ் மூன்றாண்டுகள் சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசாங்கம் முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்குச் சோதனைச்சாலை இல்லை. கிடைத்தது 24 சதுர அடியில் ஒரு சிற்றறை. நம் இயற்பியல் துறையின் பொருள் வைக்கும் அறைகூட அதைவிடப் பெரிது! அங்கேதான், விஞ்ஞானம் படிக்காத ஒரு தகர வேலைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்துத் தம் கருவிகளைச் செய்வித்தார். 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கம்பியில்லாமல் சுவர்களைத் தாண்டி அலைகளை அனுப்பி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் வைத்தார்.

அவர் ஆராய்ந்த அலைகளில் சிலவற்றின் நீளம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். அவற்றின் அதிர்வுத் திசையை அறிய என்ன செய்தார் தெரியுமா? இரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். ஒரு வாக்கில் பிடித்தால் அலை நுழையும். குறுக்கே திருப்பினால் நின்றுவிடும். அத்திசையைச் சுழற்றிக் காட்ட முறுக்கிய சணலே போதுமானதாயிற்று. நண்பர்களே, அலைமுனைவாக்கம் என்று பரீட்சைக்கு நெட்டுருப் போடுகிறோமே, அது இதுதான்!

கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தால் அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவரோ காப்புரிமையில் நாட்டமில்லாதவர். நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கியே விண்ணப்பித்தார். பிற்காலக் குறைகடத்திக் கருவிகளுக்கெல்லாம் அந்தப் படிகம் ஒரு மூதாதை. பின்னர் செடிகொடிகளின் உணர்வை ஆராயச் சென்றவர், 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் கண்டு, 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போஸுக்கு எவரும் கிட் அனுப்பவில்லை. எண் போட்ட பலகையும் படமும் பார்த்துப் பற்றவைப்பது அவர் செய்த வேலையில் பாதிகூட இல்லை. ரேடியோ வேண்டுமென்றால் அப்பா சொன்னதே சரி, கடையில் வாங்குவதுதான் லாபம். ஆனால் பாடாத கிட் என்னை ஏன் என்று கேட்க வைத்தது. கடை ரேடியோ அப்படிக் கேட்க வைத்திருக்காது.

மறுபடி பிரித்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டரின் கால்களை மாற்றிப் பற்றவைத்திருந்தேன். சரிசெய்த அன்றிரவு காரைக்கால் வானொலி கரகரவென்று கேட்டது. திண்ணையில் படுத்திருந்த அப்பா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.