விளையாட்டு செட்டில் பிறந்த லென்ஸ்

எங்க அக்கா கண்ணில் போடும் லென்ஸை விரலில் வைத்துப் பார்த்தேன். நுங்கு மாதிரி வழவழன்னு இருந்தது. இதைக் கண்டுபிடித்தது யாருன்னு தேடிப் படித்தேன். அவர்தான் ஓட்டோ விக்தெர்லே.

1913-ல் இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். நம்ம உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே? அதேபோல் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் பிளாஸ்டிக்கை உடம்பு ஏற்கும் என்று நினைத்தார். லிம் என்பவரோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். அதுதான் ஹைட்ரோஜெல்.

1958-ல் அரசியல் காரணத்தால் கல்லூரி வேலை போச்சு. 1961-ல் லென்ஸ் ஆராய்ச்சியையும் அரசாங்கம் நிறுத்தியது. மனுஷர் விடவில்லை! அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டு மேசையில், பிள்ளைகளின் நட்டு-போல்ட் விளையாட்டு செட், சைக்கிள் டைனமோ வைத்து ஒரு மெஷின் செய்தார். சுழலும் அச்சில் ஊற்றிய திரவம் லென்ஸாக மாறியது. அன்றைக்கு நாலு லென்ஸ் கிடைத்தது.

காப்புரிமையை அரசாங்கம் அமெரிக்காவுக்கு விற்றது. அவருக்குக் கிடைத்தது சொற்பம்தான். 1998-ல் இறந்தார். இன்று புண்ணுக்குப் போடும் கட்டிலும் ஹைட்ரோஜெல் இருக்கிறது. சூடு பட்டால் சுருங்கும் ஜெல்கூட வந்துவிட்டது.

என் பழைய நட்டு-போல்ட் செட்டை இரும்புக்கடைக்குப் போட அம்மா எடுத்து வைத்திருந்தாங்க. ஓடிப்போய் வாங்கி வச்சிட்டேன்!

– 8-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்