அண்ணல் அம்பேத்கரின் ஆங்கிலப் பாடம்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து நம் மாணவர்களுள் ஆங்கிலம் என்றதுமே மனங்கலங்குவோர் பலர். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குக, செய்யுளின் மையக் கருத்தை வரைக என்று வீட்டுப்பாடம் தரப்பட்டால், கேட்டுத் தெளிய வீட்டில் ஆளில்லை. விடைநூலைப் பார்த்து எழுதிச் செல்கின்றனர். அவர்களை மனத்திற்கொண்டே அண்ணலின் மாணவப் பருவத்தை ஈண்டு வரைகின்றோம்.

1891 ஏப்ரல் 14இல் மாவ் நகரில் அண்ணல் பிறந்தார். சாத்தாராப் பள்ளியில் வீட்டுச் சாக்கை விரித்துத் தனியே அமர்ந்ததும், பியூன் குழாயைத் திறந்தாலன்றித் தாகம் தீராதிருந்ததும் நாம் அறிந்தவையே. வீட்டில் நடந்த வகுப்பைப் பலர் அறியார்.

தந்தையார் இராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர். ஹோவர்டின் ஆங்கில வாசக நூல்களையும், தர்க்கத்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்கள் மூன்றையும் மகனுக்குப் பயிற்றினார். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மராத்தியில் எச்சொல் பொருந்தும், அதனை எவ்விடத்தில் அமைப்பது என்பதைக் கற்பித்தார். தாய்மொழியைத் துணைகொண்டு ஆங்கிலத்துள் புகும் இவ்வழி, எந்த விடைநூலும் காட்டாதது என்பது எம் கருத்து.

பம்பாயில் பரேல் பகுதியில் குடும்பத்திற்கு ஒற்றையறையே கிடைத்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அதற்குள்தான். சாரல் நாளில் புத்தகம் நனையாத மூலை தேடும் நம் பிள்ளைகளுக்கு அவ்வறையை விளக்க வேண்டுவதில்லை. மகனை முன்னிரவில் உறங்கவைத்து, இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டு, அவ்விடத்தில் தாம் படுப்பார் தந்தை. மகன் கேட்ட நூல்களை வாங்கப் பணமில்லாதபோது, மணமான பெண்மக்களிடம் கடன் கேட்பார். கைப்பணம் இல்லையெனில் அவர்தம் நகையைப் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் இழிவு தொடர்ந்தது. கணக்குப் போட அண்ணல் எழுந்தபோது, கரும்பலகைக்குப் பின்னிருந்த உணவுப் பாத்திரங்களை மற்ற மாணவர் ஓடிச் சென்று அகற்றினர். வடமொழி பயிலத் தடை இருந்தமையால் பாரசீகம் கற்றார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

1913 பெப்ரவரியில் இராம்ஜி மறைந்தார். மகன் அவ்வாண்டே கொலம்பியாப் பல்கலைக்கழகம் சேர்ந்ததையும், 1936இல் சாதி ஒழிப்பு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டதையும், 1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக அமர்த்தப்பெற்றதையும் காண அவர் இல்லை.