காயம் படும் முன்பே எழுந்த கூடாரம்: ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி)

மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் நோயாளிகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும் என்றே ஒரு கூடாரம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் பனூ அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்கள். இஸ்லாமிய வரலாற்றின் முதல் செவிலியர் என்று இன்று நாம் அறியும் ஸஹாபிப் பெண்மணி இவர்தான்.

மருத்துவம் அறிந்த தந்தையிடமிருந்து அவர் இந்தக் கலையைக் கற்றார் என்றும், தாம் கற்றதை மற்றப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார் என்றும் பிற்கால நூல்கள் கூறுகின்றன. கவனிக்க ஆளில்லாத முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதையே அவர் தம் வாழ்வின் நன்மையாகக் கருதினார் என்று ஆரம்பகால வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ் யுத்தம் வந்தது. குறைஷிகளும் அவர்களின் கூட்டாளிகளும் படை திரட்டி வரும் செய்தி கிடைத்ததும், ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி மதீனாவைச் சுற்றித் திறந்திருந்த பக்கத்தில் அகழ் வெட்டப்பட்டது. முற்றுகையின்போது அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காலையும் மாலையும் அங்கே சென்று நலம் விசாரித்தார்கள். சில வாரங்களுக்குப் பின் காயம் மீண்டும் திறந்து ஸஅத் (ரலி) வஃபாத்தானார்கள். அதுவரை கவனிப்பாரின்றி ஒரு நாளும் அவர்கள் கிடக்கவில்லை.

இந்தச் சம்பவத்தில் நாம் எளிதில் கவனிக்காமல் கடந்துவிடும் ஒன்று உண்டு. அம்பு பாய்ந்த பிறகு யாரும் கூடாரத்துக்குக் கம்பு தேடி ஓடவில்லை. எதிரி வருமுன் அகழ் தயாராக இருந்தது. காயம்பட்டவரைக் கொண்டு செல்ல ஓர் இடமும், கட்டுப்போடத் தெரிந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஹிஜ்ரி 7இல் நடந்த கைபர் போருக்கும் ருஃபைதா (ரலி) சென்று காயம்பட்டோரைக் கவனித்ததாக நூல்களில் குறிப்பு உண்டு. டெல்லி ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த வரலாற்றை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உத்திரமேரூர் ஏரியை நம்பி வாழும் ஊர். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இங்கே குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. கரையைக் கவனிக்க முன்கூட்டியே ஆள் வைத்த ஊர் இது. ஆனாலும் 2015 பெருமழையில் மாவட்டமே தத்தளித்ததை நாம் மறக்க முடியாது.

இப்படிப்பட்ட கிராமங்களுக்குச் சமுதாய சுகாதாரப் பயிற்சிக்காக நர்சிங் மாணவிகள் வீடு வீடாக வருகிறார்கள். மழைக்கு முன் அவர்கள் சொல்லித் தரக்கூடிய விஷயங்கள் சின்னவை. ஆனால் உயிர் காப்பவை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி உயரத்தில் வைப்பது, குடிநீரைக் காய்ச்சுவது, பேதியானால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுப்பது. வெள்ளத்தோடு பாம்பும் வரும். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிரசவ நாள் நெருங்கியவரைப் பாதை அடைபடும் முன்பே மருத்துவமனைக்கு அருகில் தங்க வைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

இவற்றை மைக் வைத்துத் தெருவில் சொன்னால் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். படுக்கையில் இருக்கும் நன்னி, இத்தாவில் இருக்கும் பெண், கர்ப்பிணி மருமகள் ஆகியோரின் அறை வரை சென்று பேச ஒரு மாணவியால்தான் முடியும். ஆனால் அவர்கள் வந்து ஸலாம் சொல்லும்போதோ கதவைத் தட்டும்போதோ, வீட்டில் ஆம்பளைங்க இல்லை என்று நம்மில் பலர் திருப்பி அனுப்பிவிடுகிறோம். நம் பிள்ளை நர்சிங் படிக்க ஆசைப்பட்டால், ஊர் ஊராகப் போக வேண்டும், இராப் பணி பார்க்க வேண்டும் என்று தயங்குகிறோம். பயான்களில் ருஃபைதா (ரலி) அவர்களைப் புகழும் நாம், அவர் செய்த வேலையை நம் மகள் செய்வதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? பெற்றோரின் கவலை நியாயமானது. பாதுகாப்பான போக்குவரத்தும் தங்குமிடமும் உள்ள கல்லூரியைத் தேடுவதுதான் அதற்கு வழி. படிப்பையே தடுப்பது வழியல்ல.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தார் கூடி, மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதலாம். பெண்களுக்கென ஒரு நாள் மதரஸாவைத் திறந்து, மாணவிகளை அழைத்து முதலுதவி கற்றுக் கொள்ளலாம். ஜாதி மதம் பாராமல் பக்கத்துத் தெருப் பெண்களையும் அழைப்போம். ஏரி உடைந்தால் தண்ணீர் தெரு பார்த்து வருவதில்லை. மழைக்கு முன்பே நம் கூடாரம் எழட்டும், இன்ஷா அல்லாஹ்.