ஓரியூர் கண்ட தவம்

கிறிஸ்தவப் பெருமக்கள் ஆண்டுதோறும் நாற்பது நாள் நோன்பு காக்கின்றனர். தவக்காலம் என்று இன்று வழங்கும் அதனை நம் முன்னோர் தபசு காலம் என்று சொல்லி வந்தனர். அதன் முதல் நாள் திருநீற்றுப் புதன். சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மகிழ்ச்சியோடு கையில் ஏந்திச் சென்ற ஓலைகளையே எரித்துச் சாம்பலாக்கி, அதனை நெற்றியில் இட்டு, மண்ணிலிருந்து வந்த மனிதன் மண்ணுக்கே திரும்புவான் என்பதை அன்று குருமார் நினைவூட்டுவர். நீறு பூசி நிலையாமையை எண்ணும் வழக்கம் தமிழர் எவருக்கும் புதியது அன்று. ஆதலின் சமய வேறுபாடின்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் இந்நோன்பின் பொருளை எளிதில் உணரும் என்று நம்புகிறோம்.

நோன்பின் உட்பொருள் உணவைக் குறைப்பதோடு முடிவதில்லை. நம் வாழ்வு எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை நாம் அறியாவிட்டாலும் அதனை நடத்துவோன் அறிவான் என்று உள்ளத்தை ஒப்படைப்பதே அதன் சாரம். சொல்வதற்கு எளிது; நடப்பதற்கு அரிது. அவ்வரிய செயலைச் செய்து காட்டிய ஒருவர், நம் தமிழ் மண்ணிலேயே, ஒரு திருநீற்றுப் புதனன்றே உயிர் துறந்தார். அவர்தாம் அருளானந்தர் என்று தமிழ் மக்கள் போற்றும் புனித ஜான் டி பிரிட்டோ.

தாயின் நேர்த்திக்கடன்

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவர் பிறந்தார். உயர்குடியில் தோன்றியவர். தந்தையார் கடல் கடந்து பிரேசில் நாட்டில் ஆட்சிப் பொறுப்பேற்று, அங்கேயே மறைந்தார். அப்போது மகன் சிறு குழந்தை. தாயார் பிரிட்டிஸ் அம்மையாரே பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் அரண்மனையில் பணியேற்று, இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தான். அந்த இளவரசரே பின்னாளில் போர்த்துக்கல் மன்னரானார். இத்தகைய நட்பைப் பெற்ற பிள்ளையின் எதிர்காலம் எப்படி அமையும் என்று எவரும் கணித்திருக்கலாம்.

ஆனால் கணக்கு வேறாயிற்று. பதினொரு வயதளவில் சிறுவனைக் கொடிய நோய் பற்றியது. மருத்துவர் கைவிரித்தனர். தாய் புனித சவேரியாரை வேண்டி, மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் அவனுக்கு இயேசு சபைத் துறவியரின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். அரண்மனையில் பட்டாடை உடுத்த சிறுவர் நடுவே கருநிற அங்கியோடு அவன் ஓராண்டு நடமாடினான். ஓராண்டு கழிந்ததும் தாய் அங்கியைக் கழற்றினார். நேர்த்திக்கடன் தீர்ந்தது என்றே எண்ணியிருப்பார். மகன் உள்ளத்திலோ அது கழலவே இல்லை. 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், பதினைந்து வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

கல்வி முடித்துக் குருப்பட்டம் பெற்றதும் இந்திய நாட்டுக்கு அனுப்புமாறு அவர் வேண்டினார். அவரைத் தடுக்கத் தாயார் தம்மால் இயன்ற வழியெல்லாம் முயன்றார். கணவரைக் கடலுக்கு அப்பால் இழந்தவர். சாவின் வாயிலிருந்து மீட்ட மகனையும் கடலுக்குக் கொடுக்க எந்தத் தாய்தான் இசைவாள்? சவேரியாரிடம் மகனைக் கேட்டுப் பெற்ற அவரே, சவேரியார் சென்ற நாட்டுக்கு மகனை விடமாட்டேன் என்று நின்றார். இதனை நாம் குறையாகக் கருதவில்லை. இறைவனை நம்புவோரும் அழத்தான் செய்வர். 1673-ஆம் ஆண்டு மகன் கப்பல் ஏறினார். ஏறத்தாழ ஆறு திங்கள் கடலில் கழித்துக் கோவாவை அடைந்தார்.

பண்டாரசுவாமி

கோவாவில் எஞ்சிய படிப்பை முடித்து, 1674-இல் மதுரை மறைத்தளம் என்று பெயர் பெற்ற உள்நாட்டுப் பகுதிக்கு வந்தார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட்டு தெ நொபிலி தொடங்கி வைத்த பணி அது. ஐரோப்பியர் என்ற அடையாளத்தைக் களைந்து, இந்நாட்டுத் துறவியரைப்போல் வாழ்வது அங்குள்ள குருமாரின் நெறி. அவர்களுள் சிலர் உயர்குலத்தாரோடு மட்டுமே பழகும் சந்நியாசிகளாக வாழ்ந்தனர். அவ்வழியில் சென்றால் எளிய மக்களின் வாயிலை மிதிக்க இயலாது. எல்லாக் குலத்தாரிடத்தும் செல்லக்கூடிய பண்டாரசுவாமியின் கோலத்தையே நம் அடிகள் ஏற்றார். காவி உடுத்தார்; புலால் நீக்கினார்; சோறும் கீரையும் பருப்பும் உண்டார்; தரையில் படுத்தார்; தமிழ் கற்றுத் தமிழில் பேசினார். அருளானந்தர் என்ற பெயரும் அவருக்கு நிலைத்தது.

வெயிலிலும் மழையிலும் கால்நடையாக ஊர் ஊராகத் திரிந்து, கீற்றுக் குடில்களில் தங்கி, மக்களுக்குப் போதித்து வந்தார். போரும் பஞ்சமும் மலிந்த காலம் அது. 1686-ஆம் ஆண்டு மறவர் சீமையில் பணியாற்றுகையில் சிறைப்பட்டார். அவரோடு உபதேசிமாரும் பிடிபட்டனர். சவுக்கடியும் பிற சித்திரவதைகளும் அவர்களுக்குக் கிடைத்தன. இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் முன் அவர் நிறுத்தப்பட்டார். அவர் சொன்னவற்றைக் கேட்ட சேதுபதி உயிருக்குத் தீங்கு செய்யாமல் விடுவித்து, தம் சீமையில் இனிப் போதிக்கலாகாது என்று ஆணையிட்டார். அடிகள் விடுதலையை ஏற்றுக்கொண்டார். சாவைத் தேடி அலைவது தவம் ஆகாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மூடிய கதவுகள்

இப்போது அவர் வாழ்வில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. மறவர் சீமை மூடப்பட்டது. 1687-இல், மதுரைத் தளத்தின் நிலையை எடுத்துரைக்க ஐரோப்பா செல்லுமாறு மேலாளர் பணித்தனர். தம் மக்களை விட்டுப் பிரிய அவருக்கு மனமில்லை, ஆயினும் பணிந்தார். 1688-இல் லிஸ்பனில் இறங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தாயும் மகனும் ஒருவரையொருவர் கண்டனர். இளமைத் தோழர் இப்போது அரியணையில் வீற்றிருந்தார். அருளானந்தரை அங்கேயே நிறுத்தித் தம் மகனுக்கு ஆசிரியராக்க வேண்டும் என்பது மன்னர் விருப்பம். தாயின் உள்ளமும் அதனையே நாடியிருக்கும்.

நாம் அவ்விடத்தில் இருந்தால் என்ன எண்ணியிருப்போம்? சிறை கண்டோம், அடி பட்டோம், பணியும் தடைப்பட்டது, மேலாளரே திருப்பி அனுப்பினர், மன்னரும் வருந்தி அழைக்கிறார். இதுவே இறைவன் காட்டும் வழி என்று முடிவு செய்திருப்போம். வசதியான வழியே தெய்வ சித்தம் என்று கொள்வது மனித இயல்பு. அருளானந்தர் அவ்வாறு கொள்ளவில்லை. அரண்மனை நகரிலும் அவர் சோறும் காய்கறியுமே உண்டு தரையிலேயே உறங்கினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவர் உள்ளம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. அதே வேளையில், மேலாளரின் சொல்லை மீறி அவர் ஓடிவிடவும் இல்லை. காத்திருந்தார், தம் மக்களின் தேவையை எடுத்துரைத்தார், விடை பெற்றார். 1690-இல் மீண்டும் கோவாவை அடைந்தார். தாயும் மகனும் பிறகு சந்திக்கவே இல்லை.

இருபத்தொன்பது நாட்கள்

திரும்பி வந்தவர் மறவர் சீமைக்கே சென்றார். அங்கே தடியத்தேவர் என்னும் பெருமகன் நோயுற்றிருந்தார். சேதுபதியின் அரியணைக்கு உரிமை கோரத்தக்க குடியில் வந்தவர் அவர். உபதேசியார் ஒருவர் செய்த வேண்டுதலுக்குப் பின் நோய் நீங்கவே, அவர் கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரையன்றி ஏனையோரை மனைவியராகக் கொள்ளலாகாது என்பது கிறிஸ்தவ நெறி. தேவர் அதற்கு இணங்கினார். 1693-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் இளையவர் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவர் சிறிய தந்தையிடம் முறையிட்டார். குடும்ப மானம், அரசுரிமைப் போட்டி, முன்னர் இட்ட தடையாணை மீறப்பட்டது என்ற சினம் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தன. அந்தப் பெண்ணின் துயரமும் மெய்யானதே. அதனை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று. கிழவன் சேதுபதி என்று பெயர் பெற்ற அம்மன்னரும் சாமானியர் அல்லர். இராமநாதபுரத்தைக் கோட்டை கட்டிப் பேணிய ஆற்றல் மிக்கவர். ஆட்சியைக் காக்கும் கவலையில் அவர் எடுத்த முடிவு துறவி ஒருவரின் உயிரைக் குடித்தது.

சனவரி 8-ஆம் நாள் அடிகள் சிறைப்பட்டார். இராமநாதபுரத்தில் அவரைக் கொன்றால் கலகம் எழும் என்று அஞ்சி, ஓரியூரில் ஆட்சி புரிந்த தம் தம்பி உடையத்தேவரிடம் சேதுபதி அவரை அனுப்பினார். பாம்பாற்றங்கரையில் உள்ளது அவ்வூர். பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையில் கரித்தூளை நீரில் கரைத்து மையாக்கி, மேலாளருக்கு இறுதி மடல் எழுதினார். அதில் அச்சமும் இல்லை. எவர்மீதும் பழியும் இல்லை. தாம் குற்றம் எதுவும் செய்யாமல் இறப்பதே தமக்குக் கிடைத்த பேறு என்ற மகிழ்ச்சியே அதில் புலப்படுகிறது. மறுநாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. ஆற்றங்கரை மேட்டில் மண்டியிட்டு வேண்டினார். பின்பு வெட்டுவோனுக்குத் தலை கொடுத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது.

அந்நாள் திருநீற்றுப் புதன். உயிர்ப்புத் திருநாள் நிலவைக் கொண்டு கணிக்கப்படுவதால் ஆண்டுதோறும் இடம் மாறும். மார்ச்சு 22-க்கு முன் அது வருவதே இல்லை. அந்த மிக முந்திய நாளில் அது அமைவது அரிது. 1693-ஆம் ஆண்டு அப்படியே அமைந்தது. ஆகவே தவக்காலம் எவ்வளவு முன்னதாகத் தொடங்க இயலுமோ அவ்வளவு முன்னதாகத் தொடங்கியது. ஞானஸ்நான நாளிலிருந்து இருபத்தொன்பதாம் நாள், திருச்சபை எங்கும் மக்கள் நெற்றியில் சாம்பல் ஏற்றுக்கொண்டிருக்க, அவர் மண்ணோடு மண்ணானார்.

விளைந்தது என்ன?

அவரைக் கொன்ற வாள் தெய்வத்தின் ஆணை என்று நாம் சொல்லமாட்டோம். கொடுமை மனிதர் செய்தது. ஆனால் மனிதர் செய்யும் கொடுமையாலும் இறைவன் தொடங்கிய காரியத்தை நிறுத்த முடியாது என்பதை வரலாறு காட்டுகிறது. ஓரியூரில் அந்தப் புதன்கிழமை விடிந்தபோது இத்தாலி நாட்டில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்து கொண்டிருந்தான். 1710-இல் அவன் இந்தியா வந்து, அருளானந்தர் பணிபுரிந்த அதே மதுரைத் தளத்தில் சேர்ந்தான். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே அவர். மறைத்தளம் அருளானந்தரோடு அழிந்திருந்தால் நம் மொழிக்கு அந்தக் காப்பியமும் சதுரகராதியும் ஏது? அருளானந்தர் இதனை அறிந்து இறந்தவர் அல்லர். விளைச்சலைக் காணாமலே விதைத்துச் சென்றார். நம்பிக்கை என்பது அதுவே.

மகன் இறந்த செய்தி கப்பலேறி லிஸ்பனை அடைந்தது. மன்னர் அரண்மனைக் கோயிலில் நன்றி வழிபாடு நடத்த ஆணையிட்டார். முதிய தாயார் பிரிட்டிஸ் அம்மையார் அதற்கு வந்தார். துக்க உடையில் அன்று, திருவிழா உடையில். ஒருகால் மகனை இந்தியாவுக்கு விடமாட்டேன் என்று போராடியவர் அவர். மகனுக்கு ஓராண்டு அணிவித்த அங்கிக்கும் அன்று தாம் அணிந்த ஆடைக்கும் இடையே ஒரு தாய் நடந்த தொலைவு, லிஸ்பனுக்கும் ஓரியூருக்கும் உள்ள தொலைவினும் பெரிது. மகனுடைய தவத்தை வியக்கும் நாம் தாயின் தவத்தையும் மறத்தலாகாது.

1853-இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரு திங்களுக்குள் முன்பாக, 1947 ஜூன் 22-ஆம் நாள், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானைக்கு அண்மையில் உள்ள ஓரியூர் இன்று திருத்தலம். அங்குள்ள செம்மண் அவர் குருதி படிந்து சிவந்தது என்று மக்கள் நம்பிப் போற்றுகின்றனர்.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு, வேற்றுமொழி வழங்கும் நகரத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு இன்னொரு வகையிலும் உறவுடையது. நாம் தமிழகத்தை விட்டு வெளியே வந்தவர்கள். அவர் வெளியிலிருந்து தமிழகத்துக்கு வந்தவர். சென்ற இடத்து மொழியைக் கற்று, அவ்வூர் உணவை உண்டு, அவ்வூர் எளியவரை உறவாகக் கொண்டார். தாயையும் மறக்கவில்லை, வந்த மண்ணையும் வெறுக்கவில்லை. மாற்றல் ஆணை எப்போது வருமோ, பிள்ளைகள் எங்கே வேரூன்றுவரோ, ஊரில் தனித்திருக்கும் பெற்றோரை இனி என்று காண்போமோ என்னும் கவலைகள் நம் இல்லங்களில் நாளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் விடை அவர் வாழ்வில் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. விடை தெரியும்வரை கைகட்டி நிற்காமல், அன்றன்றைக்கு முன்னால் கிடந்த கடமையைச் செய்து, முடிவை இறைவனிடம் விட்ட ஒருவரின் காலடித் தடம் மட்டுமே இருக்கிறது. நோன்பு நாற்பது நாளும் அத்தடத்தை நினைப்போம். பின்பு நாமும் ஓரடி எடுத்து வைப்போம்.